பாகம் பிரித்த மறுநாள்



2023-ஆம் ஆண்டு மாங்காய்ப் பருவம் முடியும் தறுவாயில் ஒரு மாலைப் பொழுது. குருபரப்பள்ளியில் நம் இல்லத்துத் திண்ணையில் அண்ணன் தம்பி இருவர் வந்து அமர்ந்தனர். இருவரும் நம் பங்கு மக்களே. பெயர்கள் வேண்டா. தந்தை விட்டுச் சென்ற நான்கு ஏக்கர் மாந்தோப்பு. தோப்பின் நடுவே ஒரு கிணறு. கிணற்றருகே பழைய வீடு. வீட்டில் எழுபதைக் கடந்த தாய். இருபது ஆண்டுகளாக ஒன்றாய்ப் பாடுபட்டு ஒன்றாய் உண்டு வாழ்ந்த குடும்பம் அது.

மூத்தவர் பேச்சைத் தொடங்கினார்: "சாமி, எங்களுக்குப் பாகம் பிரித்துவிடுங்கள். என் பங்கை நான் விற்றாக வேண்டும். மகளை இங்கிலாந்துக்கு அனுப்புகிறோம். முதியோர் இல்லத்தில் வேலை. ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும்."

தம்பி தலையைக் குனிந்தபடியே, "அண்ணனுடைய விருப்பம் அதுவானால் எனக்கு மறுப்பில்லை சாமி" என்றார்.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "கிணறு யாருக்கு?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். நிலத்தை அளந்து கல் நடலாம். மரங்களை எண்ணிப் பங்கிடலாம். கிணற்றை நடுவில் கோடு போட்டு அறுக்க முடியுமா? பாகம் பிரிப்பது என்று முடிவு செய்து ஒரு மாதமாகியும், பிரித்த மறுநாள் காலையில் மோட்டாரை யார் போடுவது என்று இருவரில் எவரும் சிந்திக்கவில்லை.

அன்றிரவு நெடுஞ்சாலையில் விரையும் லாரிகளின் ஓசையைக் கேட்டபடி படுத்திருந்தபோது, அந்தப் பெண் போகவிருந்த நாடே நம் நினைவுக்கு வந்தது. அதுவும் அண்மையில் பாகம் பிரித்துக்கொண்ட நாடுதான். கிணற்றைப் பற்றிக் கேளாமலே பிரித்துக்கொண்ட நாடு! அந்தப் பிரிவினையின் கதை நம் வாசகர் பலருக்குத் துண்டு துண்டாகத் தெரிந்திருக்கும். அதை ஒரு சேரப் பார்த்தால் நம் குடும்பங்களுக்கும் அதில் பாடம் உண்டு என்பதால், இம்மாதம் அதனை எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு சீட்டு

இரண்டாம் உலகப் போரில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், இனிமேல் போரே வேண்டா என்று வணிகத்தால் தம்மைப் பிணைத்துக்கொண்டன. அவை அமைத்த பொதுச் சந்தையில் பிரிட்டன் 1973-ஆம் ஆண்டு சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1975-இல், "இதில் நீடிக்கலாமா?" என்று மக்களிடம் கேட்கப்பட்டது, நூற்றுக்கு அறுபத்தேழு பேர் நீடிக்கலாம் என்றனர். பொதுச் சந்தை பின்னர் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. ஒரு நாட்டார் மறு நாட்டில் சென்று வேலை செய்யலாம். சரக்கு சுங்கமின்றிக் கடக்கலாம். ஆனால் பல சட்டங்கள் பிரஸ்ஸல்ஸ் நகரில் வகுக்கப்படும். இதுவே ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் மனக்குறை உடையோர் பிரிட்டனில் என்றும் இருந்தனர். அவர்களை வெறும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. நிலக்கரிச் சுரங்கம் மூடிய ஊர்களில், மீன்பிடி படகுகள் குறைந்துபோன துறைமுகங்களில், "தலைநகரில் இருப்பவர்களுக்கு எங்கள் நிலை தெரியவில்லை, தொலைவில் இருப்பவர்கள் எங்களை ஆள்கிறார்கள்" என்ற ஏக்கம் உண்மையாகவே இருந்தது. சண்டர்லாண்டு என்று ஓர் ஊர். நம் ஓசூரைப் போன்றே மோட்டார் வண்டித் தொழிலால் வாழும் ஊர் அது. நிஸான் கார்த் தொழிற்சாலை 1986 முதல் அங்கே இயங்கிவந்தது. அங்கே செய்யப்பட்ட கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கே சென்றது. ஆயினும் அவ்வூர் மக்களில் நூற்றுக்கு அறுபத்தொருவர் பிரிந்துவிடலாம் என்றே வாக்களித்தனர். தமக்குச் சோறு போடும் சந்தை எது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்தவன், கேட்கப்படும்போது தன் கோபத்தையே விடையாகத் தருவான்.

2016-ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் இரண்டே கட்டங்கள்: நீடிப்பது, விலகுவது. விலகுவோம் என்றவர் 1 கோடியே 74 இலட்சம். நீடிப்போம் என்றவர் 1 கோடியே 61 இலட்சம். நூற்றுக்கு 51.9, நூற்றுக்கு 48.1. ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளந்த வீடு! ஸ்காத்லாந்தும் வட அயர்லாந்தும் நீடிக்கவே விரும்பின. இங்கிலாந்தும் வேல்ஸும் விலக விரும்பின.

பிரசாரத்தின்போது ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கத்தில், வாரந்தோறும் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பப்படுகிறது, அதை மருத்துவத் துறைக்குத் தரலாம் என்று பெரிய எழுத்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். திரும்பி வரும் தொகைகளைக் கழிக்காத கணக்கு அது. அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே அது மக்களைத் தவறாக எண்ணச் செய்வது என்று கண்டித்தது. பேருந்து நிற்கவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, நீடிப்பதை ஆதரித்த ஜோ காக்ஸ் என்ற இளம் பாராளுமன்ற உறுப்பினர், இரு சிறு குழந்தைகளின் தாய், தம் தொகுதியில் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். சொல் தடித்தால் கை தடிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வாக்கெடுப்பை நடத்திய பிரதம மந்திரி டேவிட் காமரன், முடிவு வந்த காலையிலேயே பதவி விலகப்போவதாக அறிவித்தார். அப்போதுதான் நாடு ஒன்றைக் கண்டுகொண்டது: விலகுவது என்று முடிவாயிற்று; எப்படி விலகுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பொதுச் சந்தையில் இருந்துகொண்டே விலகலாமா? சுங்க உறவை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? ஒன்றும் வேண்டாமென்று வெளியேறலாமா? 1 கோடியே 74 இலட்சம் பேரும் ஒரே கட்டத்தில் குறியிட்டனர். ஆனால் அவர்கள் மனத்தில் இருந்த விலகல் ஒன்றன்று, பல.

கிணறு எங்கே இருந்தது?

அடுத்து வந்த தெரேசா மே அம்மையார் மூன்றாண்டுக் காலம் இதற்கு விடை தேடினார். தம் கையை வலுப்படுத்த 2017-இல் தேர்தல் நடத்தினார்; இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். ஐரோப்பாவோடு பேசி அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று பாராளுமன்றம் 432-க்கு 202 என்ற கணக்கில் தள்ளிற்று. மார்ச் மாதத்தில் இன்னும் இரு முறை கொண்டுவந்தார்; இரு முறையும் தள்ளிற்று. மே 24 அன்று தம் வாசலில் நின்று கண்கலங்கப் பதவி விலகலை அறிவித்தார்.

எந்தக் கல்லில் இடறினார்? அயர்லாந்து என்னும் கல்லில். அதுவே அவர்களுடைய பொதுக் கிணறு.

அயர்லாந்துத் தீவின் பெரும்பகுதி தனி நாடு. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. வடபகுதி மட்டும் பிரிட்டனைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை. அதனைக் கடக்கும் சாலைகள் இருநூறுக்கு மேல். அங்கே கத்தோலிக்கரும் புரோட்டஸ்டாண்டாரும், ஒரே கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே, முப்பதாண்டுக் காலம் ஒருவரையொருவர் கொன்றனர். ஏறத்தாழ 3,500 உயிர்கள் மாண்டன. சமயத்தின் பெயரால் நடந்ததாயினும் அதன் வேர் நிலத்திலும் ஆட்சியிலும் வேலைவாய்ப்பிலும் இருந்தது. இறுதியில் 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கிழமை அன்று உடன்பாடு ஏற்பட்டது. கத்தோலிக்கத் தலைவர் ஜான் ஹியூம், புரோட்டஸ்டாண்டுத் தலைவர் டேவிட் டிரிம்பிள் இருவருக்கும் அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. எல்லையில் இருந்த காவற்கோபுரங்கள் நீங்கின. இரு நாடுகளும் ஒரே சந்தையில் இருந்தமையால் சுங்கச் சாவடியும் தேவைப்படவில்லை. காலையில் பாலை அப்புறம் கொண்டுசென்று மாலையில் வெண்ணெயாகக் கொண்டுவரலாம், தடுப்பார் இல்லை.

இப்போது பிரிட்டன் விலகினால் அந்த எல்லை மீண்டும் எல்லையாகும். சாவடி வைத்தால் பழைய புண் கீறப்படும். வைக்காவிட்டால் சரக்கை எங்கே சோதிப்பது? வாக்கெடுப்புக்கு முன் பேருந்துகளில் எழுதப்படாத கேள்வி இது. கிணறு யாருக்கு என்னும் கேள்வி.

மே அம்மையாருக்குப் பின் 2019 ஜூலையில் போரிஸ் ஜான்சன் வந்தார். பாராளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்கச் செய்தார். உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றனர். "விலகலை முடித்துக்காட்டுகிறேன்" என்று டிசம்பரில் தேர்தலைச் சந்தித்து, 80 இடப் பெரும்பான்மையோடு வென்றார். 2020 ஜனவரி 31 நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிற்று. அயர்லாந்தின் கேள்விக்கு அவர் தந்த விடை, சோதனையைத் தரையில் வைக்காமல் கடலில் வைப்பது. அதாவது பிரிட்டனின் ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் நடுவே. அப்படி ஓர் ஏற்பாட்டுக்கு எந்த பிரிட்டிஷ் அரசும் இசையாது என்று 2018 நவம்பரில் வட அயர்லாந்துப் புரோட்டஸ்டாண்டுக் கட்சியாரின் மேடையில் முழங்கியவரும் அவரே. ஓராண்டு முடியுமுன் அதற்கே இசைந்தார். அந்தச் சினத்தில் 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை, முழுதாக இரண்டாண்டு, வட அயர்லாந்தின் மந்திரி சபை முடங்கிக் கிடந்தது. 2023-இல் விண்ட்ஸரில் செய்துகொண்ட திருத்த உடன்பாடு புண்ணை ஓரளவு ஆற்றிற்று.

நம் வாசலில் உள்ள எல்லை

எல்லை என்றால் என்ன என்று நமக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஓசூரைத் தாண்டினால் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். நம் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே அடுப்பங்கரையில் பேசப்படுகின்றன. பெண் கொடுத்த ஊர் அப்புறம். பிள்ளை வேலை செய்யும் ஆலை இப்புறம். 1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது கோடு போட்டார்கள். கோட்டின் மேல் வாழ்க்கை நடந்துகொண்டே இருக்கிறது.

லாரி ஓட்டும் நம் அன்பர்கள் பழைய நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். சோதனைச் சாவடியில் வரிசை. தாளுக்குத் தாள் முத்திரை. சரக்கு வண்டியிலேயே ஓர் இரவு. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி நாடு முழுவதும் வந்தபோது வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அவ்வரியில் குறைகள் பல உண்டு. சிறு வணிகர்கள் பட்ட பாடும் உண்டு. ஆயினும் நாம் சாவடியை எடுத்த அதே காலத்தில், உலகுக்கே தடையற்ற வாணிகத்தைப் போதித்த பிரிட்டன், தன் பெரிய சந்தைக்கும் தனக்கும் நடுவே சாவடி கட்டிக்கொண்டிருந்தது. 2021 ஜனவரி 1 முதல் டோவர் துறைமுகத்தைக் கடக்கும் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத் தாள் தேவையாயிற்று.

எல்லை இறுகினால் யாருக்கு வலிக்கும் என்பதையும் நாம் கண்டோம். பிரிட்டன் வாக்களித்த அதே 2016-இல், செப்டம்பர் மாதம், காவிரி நீரை முன்னிட்டுப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. பேருந்துப் போக்குவரத்து நின்றது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு மக்கள் நடந்தே வந்தார்கள். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் அனுமதிச் சீட்டின்றி அந்தக் கோட்டைக் கடக்க முடியவில்லை. இரு முறையும் கோட்டைப் பற்றிச் சூளுரைத்தவர்கள் தொலைவில் இருந்தார்கள். கோட்டின் மேல் நின்றவர்களே வெயிலில் நடந்தார்கள்.

நாற்காலி நிலைக்கவில்லை

இங்கிலாந்தின் கதைக்குத் திரும்புவோம். விலகலை முடித்த ஜான்சன் நிலைத்தாரா? கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டை மக்கள் மீது விதித்துவிட்டு, சாகக் கிடந்த தாயின் கையைப் பிடிக்கவும் பலருக்கு அனுமதி மறுக்கப்பட்ட அக்காலத்தில், பிரதம மந்திரியின் இல்லத்திலேயே விருந்துகள் நடந்தன. காவல்துறை அவருக்கே அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் அவருடைய மந்திரிகளும் துணை மந்திரிகளும் சாரை சாரையாக விலக, அவரும் விலகினார். பாராளுமன்றத்தை அவர் தெரிந்தே தவறாக வழிநடத்தினார் என்று அதன் குழு 2023 ஜூனில் தீர்ப்பளித்தது.

அவரையடுத்து லிஸ் டிரஸ் அம்மையார். ஒன்றியத்தின் கட்டுகள் அறுந்தன, இனி வளர்ச்சிதான் என்று, 2022 செப்டம்பர் 23 அன்று அவர் அரசு 4,500 கோடி பவுண்டு அளவுக்கு வரிகளைக் குறைத்தது; அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று சொல்லவில்லை. மூன்றாம் நாளே பவுண்டு வரலாறு காணாத தாழ்வைத் தொட்டது. வீட்டுக் கடன் வட்டி ஏறிற்று. ஓய்வூதிய நிதிகள் ஆட்டம் காண, நாட்டின் மைய வங்கி ஓடிவந்து தாங்கிற்று. அம்மையார் நாற்காலியில் எத்தனை நாள் இருப்பார் என்று ஒரு நாளிதழ் லெட்யூஸ் கீரை ஒன்றைப் புகைப்படக் கருவியின் முன் வைத்தது. கீரை வாடுமுன் அவர் பதவி விலகலை அறிவித்துவிட்டார். சிரிப்பதா, அழுவதா? 49 நாள் ஆட்சி. அதன் பின் 2022 அக்டோபர் 25 அன்று இந்திய வம்சாவளியினரான ரிஷி சுனக் பதவியேற்றார். 2024 ஜூலைத் தேர்தலில் அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி 121 இடங்களுக்குச் சுருங்க, தொழிற்கட்சியின் கெயர் ஸ்டார்மர் பிரதம மந்திரியானார்.

1979 முதல் 2016 வரை, முப்பத்தேழு ஆண்டுகளில், பிரிட்டன் ஐந்து பிரதம மந்திரிகளைக் கண்டது. 2016 ஜூன் முதல் 2024 ஜூலை வரை, எட்டே ஆண்டுகளில், ஆறு பேரைக் கண்டது. அத்தனைக்கும் விலகலே காரணம் என்று நாம் கூறமாட்டோம். கொள்ளைநோய், உக்ரேன் போர், தனிமனிதர் குற்றங்கள் யாவும் சேர்ந்தன. ஆனால் ஒரு சரடு எல்லாவற்றையும் கோத்து ஓடுவதைக் காணலாம். மக்களிடம் விலையைச் சொல்லாமல் பொருளை விற்றவன், அடுத்த நாள் விலையைச் சொல்ல அஞ்சுவான். அஞ்சி இன்னொரு பொய்யைச் சொல்வான். பிறகு அவன் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார். அரசுகள் எதிரியால் மட்டும் விழுவதில்லை; தாம் சொன்ன சொல்லின் பாரத்தாலும் விழுகின்றன.

தொலைவில் இருந்த நமக்கும் அதன் அலை வந்து தொட்டது. இந்தியாவோடு வாணிக ஒப்பந்தத்தைத் தீபாவளிக்குள் முடிப்போம் என்று 2022 ஏப்ரலில் தில்லிக்கு வந்து கூறினார் ஜான்சன். தீபாவளி அக்டோபர் 24 அன்று வந்தது. அன்று இலண்டனில் ஒரு பிரதம மந்திரி போய்க்கொண்டும் மற்றொருவர் வந்துகொண்டும் இருந்தனர். 2025 ஜூலை 24 அன்றே அவ்வொப்பந்தம் கையெழுத்தாயிற்று. திருப்பூரின் தையல் எந்திரங்கள் அதற்காக எத்தனை நாள் காத்திருந்தன! மறுபுறம், 1898-இல் பர்மிங்ஹாமில் தோன்றி நொடித்துப்போன நார்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை, 2020 ஏப்ரலில் 1 கோடியே 60 இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது நம் ஓசூரில் ஆலை நடத்தும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமே. காலச் சக்கரம் இப்படியும் சுழலும்.

திறந்த கதவும் மூடிய கதவும்

இனி நம் குடும்பக் கதைக்கு வருவோம். ஏனெனில் இரண்டும் ஒரே கதையே.

வெளிநாட்டார் வருகையைக் குறைப்போம் என்பது விலகல் பிரசாரத்தின் உயிர்நாடியான வாக்குறுதி. நடந்தது என்ன? ஐரோப்பியர் வரத்துக் குறைந்தது. 2021 இலையுதிர்காலத்தில் லாரி ஓட்டுநர் பற்றாக்குறையால் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. இராணுவத்தார் எண்ணெய் வண்டி ஓட்டினர். முதியோரைக் குளிப்பாட்டவும் உணவூட்டவும் ஆள் இல்லை. ஆகவே 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டார் வரலாம் என்று கதவைத் திறந்தனர். இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் சென்றனர். வந்தவர் தொகையில் வெளியேறியவரைக் கழித்தால், 2023 ஜூனில் முடிந்த ஓராண்டில் மட்டும் 9 இலட்சத்துக்கு மேல். குறைப்போம் என்றவர்கள் காலத்தில் அதுவரை காணாத பெருக்கம்! மக்கள் கொதித்தனர். அரசு பதறிக் கதவைச் சாத்தத் தொடங்கிற்று. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணிக்குப் புதிதாகச் செல்வோர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடன் அழைக்கலாகாது என்றது. 2025 ஜூலை 22 முதல் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திற்று.

இந்தக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே அகப்பட்ட விரல்களில் நம்மவர் விரலும் ஒன்று.

பாகப் பிரிவினை நடந்தது. கிணறு இருவருக்கும் பொது, மோட்டார் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை, கிணற்றுக்குப் பன்னிரண்டு அடி வழித்தடம், தாயின் காலம் வரை வீடு தாய்க்கே என்று பத்திரத்தில் எழுதினோம். மூத்தவர் தம் பங்கை விற்றார். வாங்கியவர் வந்ததும் முள்கம்பி நடத் தொடங்கினார். பத்திரத்தைக் காட்டியதும் வழித்தடத்தை விட்டு நட்டார். தம்பியின் மரங்களுக்கு இன்றும் நீர் பாய்கிறது.

பெண்ணுக்கோ மணமாகி மூன்று வயதில் ஒரு மகன். ஏஜெண்டு பதினான்கு இலட்சம் பெற்றுக்கொண்டார். "ஆறே மாதத்தில் கணவரும் பிள்ளையும் பின்னால் போகலாம்" என்றார். விண்ணப்பம் உள்ளே போனது 2024 மே மாதத்தில். மார்ச்சிலேயே சட்டம் மாறிவிட்டதை அவர் சொல்லவில்லை. ஆகஸ்டில் பெண் சென்றாள். ஏழு மாதம் கழிந்து, அவளை வரவழைத்த நிறுவனத்தின் உரிமத்தை அந்நாட்டு அரசு பறித்தது. அப்படி உரிமம் இழந்தவை நூற்றுக்கணக்கானவை. அறுபது நாளுக்குள் வேறு நிறுவனம் தேடாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்தது. அந்த அறுபது நாளும் அவளுடைய தந்தை நம் திண்ணைக்கு வந்து பேசாமல் அமர்ந்துவிட்டுப் போவார். ஐம்பத்து மூன்றாம் நாள் வேறோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நம் ஞாயிறு காலை எட்டு மணி அங்கே இரவின் பின்பாதி. இரவுப் பணியின் இடைவேளையில் அவள் கைப்பேசியில் அழைப்பாள். கோவில் வாசலில் பாட்டியின் பக்கத்தில் நின்று பிள்ளை பேசுவான். அவனுக்கு இப்போது தன் தாயைவிட அந்தக் கருவியையே நன்கு தெரியும்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. ஈழத்திலிருந்து ஏதிலிகளாகச் சென்று பிரான்சிலும் ஜெர்மனியிலும் குடியுரிமை பெற்று, பின் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கிலாந்தில் குடியேறிய தமிழர் பலர் உண்டு. ஐரோப்பியக் குடிகள் என்ற உரிமையாலே அங்கு வாழ்ந்த அவர்கள், விலகலுக்குப் பின் 2021 ஜூன் 30-க்குள் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அண்ணன் பாரிஸில், தங்கை இலண்டனில். நேற்றுவரை வெறும் கடலாக இருந்தது இன்று எல்லையாயிற்று. ஒருமுறை எல்லையால் வீடிழந்தவர்களுக்கு இரண்டாம் முறையும் ஒரு கோடு.

நம் குற்றமும் உண்டு

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிணற்றைப் பற்றிக் கேட்ட நாம், பெண்ணின் பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையில் கடவுச்சீட்டோடு வந்து நின்றாள். தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினோம். "உன்னை அழைக்கும் நிறுவனம் எது? பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிலத்துக்கு மறுநாளை எழுதிவைத்தோம்; பிள்ளைக்கு எழுதிவைக்கவில்லை. பெரிய நாட்டின் பெரிய மந்திரிகள் செய்த பிழையையே நம் திண்ணையில் நாமும் செய்தோம்.

ஆகவே இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சொல்லுகிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் பெறத்தக்க கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என வரம்பிட்டவை அச்சட்டத்தின் விதிகள். இலட்சங்களைக் கேட்பவரிடம் பதிவுச் சான்றைக் கேளுங்கள். இங்கிலாந்தில் வெளிநாட்டாரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசே வெளியிட்டு வைத்துள்ளது. படித்த பிள்ளை எவரும் கைப்பேசியில் பார்த்துச் சொல்லலாம். "பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், அந்தப் 'பின்னால்' எந்தத் தேதி என்று கேளுங்கள்.

பிரிவது எப்போதும் பாவம் என்று நாம் போதிக்கவில்லை. ஒன்றாயிருந்து நாளும் சண்டையிடுவதைவிட, மனமொத்துப் பிரிந்து நல்லுறவோடு வாழ்வது மேலாகும் வீடுகளும் உண்டு. நாடுகளும் அப்படியே. ஆனால் பிரிவைக் கேட்பவரிடமும், பிரிவைத் தருவதாகச் சொல்பவரிடமும், மேடையில் எதை முழங்குபவரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "மறுநாள் காலையில் என்ன? கிணறு யாருக்கு? வழித்தடம் எங்கே? வீட்டில் இருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் யார் பொறுப்பு?" விடை இல்லாதவரிடம், விடை வரும்வரை, நம் நிலத்தையும் கொடுக்கவேண்டா, நம் வாக்கையும் கொடுக்கவேண்டா.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்தனர். இக்கதையை எழுதலாமா என்று கேட்டோம். மூத்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுங்கள் சாமி. இன்னொருவன் விற்குமுன் கேட்பான்" என்றார்.

தோப்பில் அன்று மோட்டார் முறை தம்பியுடையது. ஆயினும் மடையைத் திருப்பிவிட அண்ணனே நடந்தார்.